ஐம்பது கிலோ கங்கோங்கும் ஒரு பிடி கறிவேப்பிலையும்

எங்கள் பல்கலைக்கழக விடுதியில் காய்கறித் தோட்டம் போட்டு உணவுக்கூடத்துக்கே கொடுக்கப்போகிறோம் என்று மாணவர்கள் வந்து நின்றால், முதலில் அவர்களைச் சமையற்கட்டின் பின்வாசலுக்கு அழைத்துப் போகிறேன். விடிவதற்கு முன்பே சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து லாரி வந்துவிடும். பிளாஸ்டிக் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கும். சாய் சிம், முட்டைக்கோஸ், பயற்றங்காய், வெள்ளரி, மலேசியாவிலிருந்து வந்த கங்கோங் கீரை, சீனாவிலிருந்து வந்த கேரட். அரைத் தூக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தக் கூடைகளை எண்ணிக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பசியாறிய பிறகு பேசுவோம்.

பேசுவதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேர். ஆளுக்கு நூறு கிராம் கீரை என்று வைத்தால் ஒரு வேளைக்கு ஐம்பது கிலோ. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 கிராம் பழமும் காய்கறியும் சாப்பிடச் சொல்கிறது. நாம் அதில் கால்பங்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கங்கோங் நன்றாக வந்தால் ஒரு சதுர மீட்டரில் ஓர் அறுப்புக்கு இரண்டு கிலோ தேறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வேளைக்கு 25 சதுர மீட்டர். விதைத்து அறுக்க நான்கு வாரம். தினமும் பரிமாற வேண்டுமானால் அதைப்போல் 28 பாத்திகள், மொத்தம் 700 சதுர மீட்டர். ஒன்றரைக் கூடைப்பந்துத் திடலுக்கும் மேல். எங்களிடம் இருப்பதோ சமையற்கட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலமும், மூன்றாம் மாடித் திறந்தவெளியில் சில தொட்டிகளும். எல்லாம் சேர்த்தாலும் நாற்பது சதுர மீட்டர் வராது.

இந்த இடத்தில் சிலருக்கு முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. ஐந்நூறு பேருக்குக் கீரை போட முடியாதே தவிர, ஐந்நூறு பேருக்கான சாம்பாரைத் தாளிக்க முடியும். கூடைக்கணக்கில் வாங்குவதை விட்டுவிட்டு, பிடிக்கணக்கில் தேவைப்படுவதை மட்டும் நடுங்கள் என்பதுதான் என் கட்சி. எதை நடுவது என்பதைத் தோட்டக் குழு முடிவு செய்யக்கூடாது, சமைக்கிறவர்கள் சொல்ல வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

நான் விடுதி நிர்வாகத்தில் வேலை பார்க்கிறேன். தீவின் மேற்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது தோட்டம் ஏற்கெனவே இருந்தது. அது பிறந்த காலத்தைப் புரிந்துகொள்வது எளிது. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டே கொவிட் வந்தது. மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த 2020 மார்ச்சில் பேரங்காடிகளில் நின்ற வரிசை பலருக்கு நினைவிருக்கும். தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்கள் அனுப்பியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார் நிறுத்துமிடங்களின் மொட்டைமாடிகள் பண்ணைகளாயின. கோழி ஏற்றுமதியை 2022 ஜூனில் மலேசியா நிறுத்தியபோது கோழிச் சோற்றுக் கடைகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். இவ்வளவும் நடக்கையில் பல்கலைக்கழக வளாகங்கள் சும்மா இருக்குமா? கீரைப் பாத்தி இல்லாத விடுதியே கௌரவக் குறைவு என்கிற நிலை வந்தது.

அந்த நாட்டு இலக்கு இப்போது மாறிவிட்டது. 2025 நவம்பரில் 30 விழுக்காட்டை ஒதுக்கிவைத்து, 2035க்குள் காய்கறி, முளைப்பயறு, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முட்டையில் நாம் கெட்டிக்காரர்கள். 2024இல் சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு இங்கேயே இட்டது. காய்கறியில் அதே ஆண்டு 3 விழுக்காடுதான். மின்கட்டணமும் கூலியும் கட்டுப்படியாகாமல் பெரிய முதலீட்டில் வந்த உள்ளரங்குப் பண்ணைகளே மூடிக்கொண்டு போயின. தொழிலாகச் செய்கிறவர்களுக்கே கைகூடாததை, வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற இருபது வயதுப் பிள்ளைகள் செய்து முடிப்பார்கள் என்று தோட்டத்தில் பலகை எழுதி வைத்தது யார் தவறு என்று நான் ஆராயப் போகவில்லை. பலகையை மட்டும் கழற்றச் சொன்னேன்.

முதல் தலைமுறைத் தோட்டத்தில் இருந்தவை: லெட்யூஸ், கேல், செர்ரித் தக்காளி, ரோஸ்மேரி. காணொளிகளைப் பார்த்து வாங்கிய விதைகள். இரவிலும் 25 பாகையை ஒட்டியே நிற்கும் ஊரில் லெட்யூஸ் இலை விரிவதற்குள் தண்டு விட்டுக் கசந்துபோகும். வறண்ட மலைச்சரிவில் வளரும் ரோஸ்மேரிக்கு இங்கத்திய டிசம்பர் மழையில் வேர் அழுகும். இவற்றோடு, மண்ணில்லாமல் நீரிலேயே செடி வளர்க்கும் ஒரு கோபுரமும், நன்கொடையாக வந்தது, நின்றது. வெள்ளை நிறம், பார்க்க மிக அழகு. நீண்ட வார இறுதி ஒன்றில் அதன் பம்பு நின்றுபோனது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அத்தனை செடியும் கருகி இருந்ததாம். உதிரி பாகம் இங்கே கிடைக்காது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இப்போது அதில் மாணவர்கள் நனைந்த குடைகளைச் செருகி வைக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான பொருள்தான்.

எதுவும் விளையவில்லை என்று சொல்ல முடியாது. சியாவ் பாய் சாய் ஒரு தடவை நன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, இரவுச் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கும் உச்ச நேரத்தில், இரண்டு கிலோ கீரையைப் பிரம்புக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்ச் சமையற்கட்டில் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. படத்தில் இல்லாதது, அதை வாங்கிக்கொண்டவரின் சங்கடம். இரண்டு கிலோவை வைத்து எந்தப் பாத்திரத்தில் என்ன சமைப்பது? ஒவ்வொரு இலையிலும் குட்டி நத்தை. கூடையில் வரும் கீரையைத் தொட்டியில் கொட்டி அலசுவதற்கு ஆகும் நேரத்தைவிட, இந்த இரண்டு கிலோவைச் சுத்தம் செய்ய ஆகும் நேரம் கூடுதல். அவர் நல்ல மனிதர். நன்றி சொல்லி வாங்கி, இரவு பதினொரு மணிக்குச் சமையல்காரர்கள் தங்களுக்குள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். பட்டுக்கோட்டைப் பக்கம். உணவுக்கூடத்தின் இந்தியக் கடை அவர் பொறுப்பு. உங்களுக்கு என்ன வேண்டும், தோட்டத்தில் எதை வைக்கலாம் என்று நான் கேட்டபோது கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“கறிவேப்பிலை வையுங்கம்மா. வேறு எதுவும் வேண்டாம்.”

காரணமும் வைத்திருந்தார். கறிவேப்பிலை வாரம் ஒரு முறைதான் சரக்கோடு வரும். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப்போய், குளிர் அறையில் மூன்றாம் நாளே கறுக்கத் தொடங்கும். வியாழக்கிழமைத் தாளிப்பில் போடுவது பேருக்குத்தான். எண்ணெயில் விழுந்தால் சடசடவென்று பொரிய வேண்டும், அது சத்தமே போடாது. அவசரத்துக்குத் தேக்கா சந்தைக்கு ஆள் அனுப்பினால் போக்குவரத்துக்கே ஒரு மணி நேரம். அவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு கைப்பிடி. அதைப் பின்வாசலைத் திறந்து பறித்துக்கொள்ள முடிந்தால் போதும்.

மலாய்க் கடை அம்மாவை மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் பட்டியல் கொஞ்சம் நீளம்: பாண்டான் இலை, செராய் எனும் எலுமிச்சைப் புல், லக்சா இலை, லிமாவ் பூரூட் என்ற எலுமிச்சை வகையின் இலை. சீனக் கடைச் சமையல்காரருக்கு வெங்காயத்தாளும் சிலி பாடி என்ற குட்டி மிளகாயும். மேற்கத்திய உணவுக் கடையில் புதினாவும் துளசி வகையில் ஒன்றும் கேட்டார்கள். கொத்தமல்லி வேண்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். அது இந்தச் சூட்டில் நான்கு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். அதற்குப் பதில் ரம்பம்போல் விளிம்புள்ள நீள இலை மல்லி, தாய்லாந்துக்காரர்களும் வியட்நாமியர்களும் போடுவது, நிழலிலும் வருகிறது. அதன் மணம் ஒரு படி தூக்கல். மாஸ்டர் அதை ரசத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிடலாம், ஆனால் ரசம் என்று சொல்லாதீர்கள் என்றார்.

மொத்தப் பட்டியலும் ஒரு தாளில் முடிந்தது. தோட்டக் குழுவின் கூட்டத்தில் அதைப் படித்தபோது ஒருவிதமான அமைதி நிலவியது. இது போரடிக்கும் என்றாள் ஒரு மாணவி, வெளிப்படையாக. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விதை போட்டு, முளை பார்த்து, நான்காம் வாரம் அறுப்பதில் உள்ள கிளர்ச்சி, பாண்டான் புதருக்குத் தண்ணீர் ஊற்றுவதில் இல்லை. அவளுக்காக இரண்டு தொட்டிகளை ஒதுக்கினோம். எதை வேண்டுமானாலும் போடலாம், சமையற்கட்டுக்குக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது. அதில் அவள் வளர்த்த கத்தரிக்காய்களை விடுதி மாடியில் அவர்களே சமைத்துச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

இந்தப் பட்டியலின் பெரிய லாபம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு முறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. பல்கலைக்கழக நாட்காட்டி ஆகஸ்ட்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் தேர்வோடு ஒரு பருவம், ஜனவரியில் தொடங்கி மே முதல் வாரத்தில் முடியும் இன்னொரு பருவம். மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை விடுதியில் ஆளே இருக்காது. நான்கு வாரக் கீரைக்கு இந்த மூன்று மாதம் எமன். திரும்பி வந்து பார்த்தால் பூத்து, காய்த்து, காய்ந்து நிற்கும். நவம்பர் கடைசியில் பிள்ளைகள் நூலகத்தில் கிடக்கிறபோது வடகிழக்குப் பருவமழை வந்து மேல்மண்ணையும் போட்ட உரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். பாண்டானுக்கும் செராய்க்கும் கறிவேப்பிலைக்கும் தேர்வும் இல்லை, விடுமுறையும் இல்லை.

பாண்டான் எனக்குப் பிடித்த செடி, காரணம் அதன் அடக்கம். பூக்காது, காய்க்காது, பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும். கீழ் இலையைப் பறிக்கப் பறிக்க மேலே வளரும். மாக்சிக் காலையில் வந்து ஆறேழு இலை எடுத்துப்போய், ஒன்றாகச் சேர்த்து இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு நாசி லெமாக் அரிசியோடு உள்ளே வைப்பார். முடிச்சுப் போடும்போது இலையின் நரம்புகள் நசுங்குகிறதல்லவா, அப்போதுதான் மணம் இறங்கும் என்றார். சோறு வெந்ததும் முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் ஒன்றாக வந்துவிடும், சோற்றுக்குள் கரண்டியை விட்டுத் தேடவேண்டாம். முதல் தடவை தோட்டத்து இலையைக் கொடுத்தபோது அவர் கேட்ட கேள்வி வேறு: உரத்தில் என்னென்ன போடுகிறீர்கள்? அவர் கடை ஹலால். அதே உணவுக்கூடத்தில் ஹலால் அல்லாத கடையும் இருக்கிறது. தட்டில் மிஞ்சியது எதுவும் உரக்குழிக்குப் போகாது, சமைக்காத காய்த்தோல், காப்பித்தூள், முட்டையோடு, உலர்ந்த சருகு, இவ்வளவுதான் என்று எழுதி உரத்தொட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறோம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று படித்துவிட்டுத்தான் இலையைத் தொட்டார். சமைத்த உணவைத் தவிர்த்ததில் எலித் தொல்லையும் குறைந்தது, இது நாங்கள் எதிர்பாராத வரவு.

கறிவேப்பிலைதான் பேசவைக்கும் மரம். நான்கு கன்றுகள் வைத்தோம். மாணவர்கள் பறித்த முறையைப் பார்த்து மாஸ்டருக்குக் கோபம். ஈர்க்கைக் கிளையிலேயே விட்டுவிட்டு இலைகளை மட்டும் உருவி எடுத்தார்கள். அப்படி உருவினால் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். கொழுந்துக்குக் கீழே கிளையையே கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு, மூன்றாகக் கிளைக்கும், மரம் உயரமாக ஓடாமல் புதராக அடர்ந்து நிற்கும். பூங்கொத்து வந்தால் தயவு பார்க்காமல் ஒடித்துவிட வேண்டும், இல்லையென்றால் இலை சிறுக்கும். ஒன்றிரண்டு கொத்து தப்பிப் பழுத்துக் கறுத்தால் போதும், மைனாக்களும் குயில்களும் தின்று வளாகம் முழுவதும் விதைத்துவிடும். கார் நிறுத்துமிடத்து வடிகால் ஓரத்தில்கூட ஒரு கன்று முளைத்திருக்கிறது. அதையும் மாஸ்டர் கணக்கில் வைத்திருக்கிறார்.

பிறகு புழு வந்தது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால், எலுமிச்சைச் செடிகளைத் தேடி முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் இதையும் விடுவதில்லை. முதலில் இலைமேல் பறவை எச்சம்போல் கறுப்பு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். துடைத்துவிடலாம் என்று கிட்டே போனால் நகரும். சில நாளில் அதே புழு தோலுரித்துப் பச்சையாகி, விரல் நீளத்துக்கு வந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே புளித்த பழ வாடை. இந்த அளவுக்கு வந்த புழுக்கள் நாலைந்து சேர்ந்தால் ஒரு கன்றை இரண்டு நாளில் காலி செய்துவிடும்.

உயிரியல் படிக்கும் மாணவர்கள் புழுக்களின் பக்கம். மாஸ்டர் சாம்பாரின் பக்கம். மருந்து அடிப்பதில்லை என்பது ஏற்கெனவே எடுத்த முடிவு, அதில் இரு தரப்புக்கும் சம்மதம். கடைசியில் நான்கில் ஒரு மரத்தைப் புழுக்களுக்கு எழுதிக் கொடுத்தோம். மற்ற மூன்றில் தென்படும் புழுவை மாணவர்கள் காலையில் மெதுவாக எடுத்து நான்காம் மரத்தில் விட வேண்டும். அந்த மரம் எப்போதும் பாதி மொட்டையாகத்தான் நிற்கும். விவரம் தெரியாத மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்தச் செடிக்கு மட்டும் நீர் ஊற்றுவதில்லையா என்று கேட்டார்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய கட்டடங்களைச் சுற்றி இருப்பதை மண் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். கட்டுமானத்தின்போது கொட்டி நிரவிய செங்களிமண், நடுவே கல்லும் சிமெண்ட்டுத் துண்டும். மழை பெய்தால் குழம்பு, இரண்டு நாள் வெயில் அடித்தால் ஓடு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் புல்வெட்டும் இயந்திரத்தோடு வளாகத்தைச் சுற்றும் ஊழியர்களில் ஒருவர். அறந்தாங்கிப் பக்கம் சொந்த ஊர். அப்பாவுக்கு நிலம் இருந்தது, கடலையும் நெல்லும் போட்டவர்கள். எங்கள் பாத்தியில் குச்சியைக் குத்திப் பார்த்து, உள்ளே போகாமல் வளைந்த குச்சியை என்னிடம் காட்டி, “அக்கா, வேர் எப்படிப் போகும்?” என்றார். வேளாண்மைப் பட்டறை நடத்த வெளியிலிருந்து ஆள் வரவழைத்துக் கட்டணம் கொடுத்திருக்கிறோம். அந்த வகுப்பு நடந்தபோது இவர் பத்தடி தள்ளிச் சருகு கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் பேச்சைக் கேட்டு, கூட்டிய சருகையும் வெட்டிய புல்லையும் மூட்டை கட்டி வெளியேற்றாமல் தோட்டத்துக்கே திருப்பிவிட்டோம். புல்லை மட்டும் குவித்தால் நாறும், சருகை மட்டும் குவித்தால் மக்காது, மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். களிமண்ணைக் கொத்திவிட்டு இந்த மக்கை மேலேயே போட்டுக்கொண்டு வந்தோம். ஓராண்டுக்குப் பிறகு குச்சி போனது. இடையில் ஒரு சிக்கல். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் தன் முதலாளி கொடுத்த வேலையைத்தான் செய்யலாம். ஆர்வத்தில் எங்களுக்கு உதவப்போய் அவர் மாட்டிக்கொள்ளக்கூடாது. எனவே தோட்டப் பராமரிப்பையும் நிலவனப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு எத்தனை கையொப்பம் தேவைப்பட்டது என்பதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம், யாரும் படிக்க மாட்டார்கள். இப்போது வாரத்தில் ஒரு காலைப்பொழுது அவருடைய அதிகாரபூர்வ வேலை எங்கள் பாத்திகள். புதுக்கோட்டையில் ஓர் ஆண்டில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு மழை இங்கே பெய்கிறது, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறீர்களே என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

அந்த மழைதான் எங்கள் அடுத்த தலைவலி. தேங்கிய நீர் என்றால் ஏடிஸ் கொசு, ஏடிஸ் என்றால் டெங்கி. 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஊர் இது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் தோட்டத்துக்குத்தான் முதலில் வருவார்கள், அது நியாயமும்கூட. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கக்கூடாது. பூவாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பயற்றங்கொடிக்கு நட்ட மூங்கில் கழியின் மேல் முனையில் ஒரு விரற்கடை பள்ளம் இருந்தாலும் கொசுவுக்கு அது வீடு. மணலைப் போட்டு அடைக்க வேண்டும். பாண்டானின் இலைக்கணுவில் தண்ணீர் நிற்கும், நெருக்கமாக விட்டால் கையை விட்டுப் பார்க்கவும் முடியாது, எனவே கன்றுகளைப் பிரித்து இடைவெளி விட்டு நட வேண்டும். மாணவர்களின் பணிப்பட்டியலில் தண்ணீர் ஊற்றுவது இரண்டாவது வேலை. தேங்கிய தண்ணீரைத் தேடுவது முதல் வேலை.

இந்தக் குன்றுகளில் பயிர் செய்வது புதிதொன்றும் இல்லை என்று சில மாணவர்களிடம் சொல்லும்போது நம்புவதில்லை. ராஃபிள்ஸ் 1822இலேயே இப்போதைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்து ஒரு சோதனைத் தோட்டம் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் காடுகளை அழித்து மிளகும், தோல் பதனிட உதவும் காம்பீர் செடியும் பயிரிட்டார்கள். மண் சத்திழந்ததும் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை திடல்களையும் வீட்டு முற்றங்களையும் கொத்தி மரவள்ளி நட்டார்கள். என் பாட்டிக்குக் கடைசிவரை மரவள்ளிக்கிழங்கு வாசனையே ஆகாது. நாங்கள் அதை நடுவதில்லை. பட்டியலில் யாரும் கேட்கவும் இல்லை.

பணக்கணக்கில் இந்தத் தோட்டத்தால் என்ன மிச்சம் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கறிவேப்பிலையும் பாண்டானும் சந்தையில் மலிவு. கரியமில வாயுக் கணக்கையும் நான் போட்டுக் காட்டுவதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அறிக்கையை அனுப்புகிறேன், திருப்பி அனுப்புகிறார்கள், மறுபடியும் காலியாக அனுப்புகிறேன். ஆனால் வியாழக்கிழமைச் சாம்பாருக்கும் திங்கட்கிழமைச் சாம்பாருக்கும் இப்போது மணத்தில் வித்தியாசம் இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியும். காரணம் பின்வாசலில் இருப்பது பலருக்குத் தெரியாது, தெரிந்துதான் ஆகவேண்டும் என்பதும் இல்லை.

சமையல்காரர்கள் தோட்டத்தைத் தங்கள் சொத்தாக நினைக்கத் தொடங்கியிருப்பதில் எனக்கு அதிகத் திருப்தி. கூடவே தகராறும். செராயை மாக்சிக் அடிவரை வெட்டுகிறார், மேற்கத்திய உணவுக் கடையில் குளிர்பானத்துக்கு இலையை மட்டும் கத்தரிக்கிறார்கள். யார் எந்தத் தூரை எடுப்பது என்று பலகையில் பிரித்து எழுதியிருக்கிறோம். சிலி பாடிச் செடியின் இலை சுருண்டபோது சீனக் கடைச் சமையல்காரர் தாமே வந்து, வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளித்தார். வெங்காயத்தாளுக்கு விதையே வாங்குவதில்லை. அவர் நறுக்கிய பிறகு மிஞ்சும் வேர்முனைகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார், மாணவர்கள் எடுத்துவந்து ஊன்றுகிறார்கள். பத்து நாளில் மறுபடி அவருக்கே போகிறது.

இப்போது மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. மாக்சிக் புங்கா காண்டான் கேட்கிறார். அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும் இஞ்சிக் குடும்பத்துச் செடி, இருக்கும் இடத்தில் கால்வாசியை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும்; ஆனால் அதன் மொட்டை மெல்லியதாக அரிந்து ரோஜாக் என்ற காய்கனிக் கலவையில் போட்டால் அந்தக் கடையின் வரிசை எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும், எனவே அநேகமாகக் கொடுத்துவிடுவேன். மாஸ்டர் முருங்கை கேட்கிறார். முருங்கைக் கிளை பட்டென்று ஒடியும், கீழே நடைபாதை இருக்கிறது, காற்று மழையில் யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கட்டடப் பராமரிப்புப் பிரிவு கேட்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் வளரவிடாமல் வெட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டும் அட்டவணையையும் அளவெடுக்கப்போகிறவரின் பதவியையும் கேட்டு மறுகடிதம் வந்திருக்கிறது. காய் வராவிட்டாலும் பரவாயில்லை, கீரைக்கு மட்டும் என்று எழுதுங்கள் என்கிறார் மாஸ்டர். அறந்தாங்கிக்காரர் ஒரு போத்தை ஏற்கெனவே ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்.